மிக்காயேல் சாரின் வூ

மிக்காயேல் பெரிய மனிதர் ஆவதற்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டது. அந்தப் பத்து நிமிடமும் புருஷோத்தமன் எலிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது 2003 ஜூலையில். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு நடுவே இருக்கும் செவாலியே அந்துவான் நினைவு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்று கடிதம் எழுதியிருந்தது. ஆராய்ச்சிக்கு உதவி வேண்டுமானால் ‘ரிசர்ச் கம்ப்ளையன்ஸ்’ பார்க்க ஒரு தலைவர் இருந்தாக வேண்டுமாம். துணைவேந்தர் அதைக் கம்ப்ளெயிண்ட்ஸ் என்று படித்துவிட்டு, “நம்ம மேல கம்ப்ளெயிண்ட் குடுத்தது எவன்யா?” என்று அரை நாள் குதித்தார். பதிவாளர் கன்னியப்பன் அகராதியைப் புரட்டி, அதற்கு இணக்கம் என்று பொருள் சொன்னார். “யார்கூட இணக்கம்?” என்று துணைவேந்தர் கேட்டார். அகராதியில் அது போடவில்லை.

எலி, முயல் என்று உயிருள்ளவற்றோடு பழகுகிற துறை பார்மசிதான் என்பதால் அங்கிருந்து ஓர் ஆளைப் போடலாம் என்று முடிவாயிற்று. கன்னியப்பன் முதலில் போன் செய்தது புருஷோத்தமனுக்குத்தான். இதைப் புருஷோத்தமன் பின்னாளில் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

“சார், வி.சி. ரூமுக்கு வாங்க. ஒரு பொறுப்பு இருக்குது.”

“எலிங்களுக்குத் தண்ணி வெச்சிட்டு பத்து நிமிஷத்துல வந்துட்றேன் சார்.”

கையைத் துடைத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது உள்ளே எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். துணைவேந்தருக்கு எதிர் நாற்காலியில் மிக்காயேல். வராந்தாவில் நின்று போன மாதத்து அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்களாம்.

“நீங்க வேலையா இருந்தீங்க,” என்றார் கன்னியப்பன். “அடுத்தவங்க வேலையப் பாக்கறதுக்கு, வேலை இல்லாத ஆளுதான் சார் தோதுப்படும்.”

இருவரும் 1989இல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வருகைப் பதிவேட்டில் மிக்காயேல் முதலில் கையெழுத்துப் போட்டதால் அவர் சீனியர். அந்தக் கையெழுத்துக்குப் பேனா கொடுத்தவர் புருஷோத்தமன். அந்தச் சீனியாரிட்டியிலேயே மிதந்து மிக்காயேல் பேராசிரியர் ஆகிவிட்டார். கீழாநெல்லியையும் எலியையும் கட்டிக்கொண்டு அழுத புருஷோத்தமன் ரீடராகவே இருந்தார். ஈரல் கெட்ட எலியைக் கீழாநெல்லிச் சாறு தேற்றுகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தேற்றுகிறது என்று அவருக்குத் தெரியும். உலகத்துக்குத் தெரிய ஒரு நல்ல சஞ்சிகையில் கட்டுரை வர வேண்டும். வந்தால் பேராசிரியர். வராவிட்டால் ரீடராகவே பென்ஷன்.

முதலில் வந்தது பெயர்ப்பலகை. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியிலும் பித்தளையில் ‘ஆராய்ச்சி இணக்கத் தலைவர்’. பிறகு ஏ.சி. வந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் சாய்கிற நாற்காலி. பிறகு கார். ஒவ்வொன்றும் வருகிற நாளில் புருஷோத்தமன் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நடந்தார். நாற்காலி எவ்வளவு தூரம் சாய்கிறது என்பதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து அன்று மதியம் சாப்பிடவில்லை. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

நெல்லித்தோப்பில் வீட்டுக்காரியிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தார்.

“அவரு எப்பவும் டிப்டாப்பா இருப்பாரு,” என்றாள் செல்வாம்பாள். “நீங்க எலி நாத்தத்தோட போய் நின்னா யாரு குடுப்பாங்க? எலிக்கு ஊசி போடறப்ப மாட்டிக்கற அந்தச் சட்டைய இனிமே தனியா அலசிப் போடுங்க.”

இணக்கத் துறை என்ன செய்ய வேண்டும் என்று முதல் ஆறு மாதம் யாருக்கும் தெரியவில்லை. எனவே படிவங்கள் அச்சடிக்கப்பட்டன. மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற ஏதோ ஆஸ்பத்திரியின் படிவத்தை வாங்கி, ‘நோயாளி’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘பங்கேற்பாளர்’ என்று மாற்றினார்கள். புருஷோத்தமனிடம் பங்கேற்பாளர்கள் என்று இருந்தவை முப்பத்தாறு எலிகள்.

அவற்றின் கல்வித் தகுதியும் தொழிலும் கேட்கப்பட்டன. ஆராய்ச்சியின் நோக்கத்தைப் பங்கேற்பாளருக்குப் புரிகிற மொழியில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்றது ஒன்பதாவது பிரிவு. இது குறித்து இணக்கக் குழு ஒரு நாள் முழுவதும் கூடி விவாதித்தது.

“எலிங்க எந்த ஊரு?” என்று கேட்டார் கன்னியப்பன்.

“மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சது சார்.”

“அப்ப பிரெஞ்சு வேணாம். தமிழும் இங்கிலீஷும் போதும்.”

கூண்டறை ஊழியர் அம்மாவாசை தினமும் காலையில் கூண்டுகளின் முன் நின்று இரண்டு பக்கம் படித்தார். தமிழ் முடிந்ததும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். எலிகள் கேட்டனவா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘கேட்டன’ என்று டிக் போட்டார். ஒரு வாரம் கழித்துப் புருஷோத்தமனிடம் வந்து, “சார், நீங்க ஈரலக் கெடுக்கறதுக்கு ஊசி போடுவீங்கன்னு அதுல எழுதியிருக்குது. அதப் படிக்கும்போது எனக்கே ஒரு மாதிரியா இருக்குது. அந்த வரிய மட்டும் மெதுவா படிச்சிக்கட்டா?” என்றார்.

மழைக்காலத்தில் கூண்டின் தாழ் துருப்பிடித்து மூன்று எலிகள் ஓடிப்போயின. பங்கேற்பாளர் எந்த நேரமும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று படிவத்தில் இருந்தது. எனவே ‘மூவர் சுயவிருப்பத்தின் பேரில் விலகினர்’ என்று பதிவாயிற்று. அந்த மூன்றில் ஒன்று பிறகு இணக்கத் தலைவரின் ஏ.சி.க்குள் செத்துக் கிடந்தது. அதற்குத் தனிப் படிவம் இருந்தது.

இப்படி நிரப்பி எடுத்துப் போகிற ஒவ்வொரு கோப்பையும் மிக்காயேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கிளார்க்கு. அந்த வீட்டு மரியாதை அவரிடம் அப்படியே இருந்தது. எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்வார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். புரட்டி முடித்ததும் ஊதா மைப் பேனாவால் முதல் பக்கத்து மூலையில் பிரெஞ்சில் இரண்டே எழுத்து எழுதுவார். படித்தால் ‘வூ’. கீழே சின்னதாகக் கையெழுத்து, தேதி.

அதுதான் அனுமதி என்று பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. ‘வூ ஆயிடுச்சா?’, ‘எனக்கு ரெண்டு நாள்ல வூ குடுத்துட்டாரு’, ‘அந்தாளுக்கு இன்னும் வூ வரல, பாவம்’ என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். ஆய்வு மாணவர்கள் வூ விழுந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளையார் படத்துக்குக் கீழே செருகினார்கள். விடுப்பு விண்ணப்பத்துக்குக்கூட வூ வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கேன்டீன்காரர் உப்புமாவைப் பற்றிய புகாருக்கு வூ வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆராய்ச்சி நேர்மை வாரம் கொண்டாடினார்கள். பேராசிரியர்கள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போனார்கள். காந்தி சிலைக்கு எதிரில் துணைவேந்தர் மைக் பிடித்தார்.

“சென்ற ஆண்டு நமது பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு ஆராய்ச்சி முறைகேடுகூட நடக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆராய்ச்சி நடந்தால்தானே முறைகேடு நடக்கும் என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஆமாம், அந்த அளவுக்கு நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம்! இதற்கெல்லாம் காரணம் நம் மிக்காயேல் அவர்கள்.”

பலத்த கைதட்டல். மிக்காயேலுக்குச் சந்தன மாலை போட்டார்கள். அதை எடுத்துக் கொடுக்கிற வேலையைப் புருஷோத்தமனுக்குக் கொடுத்திருந்தார்கள். தட்டைப் பிடித்திருந்த அவருடைய கையில், எலி கடித்த இடத்தில், பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

2007 செப்டம்பரில் புருஷோத்தமனின் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. நல்ல சஞ்சிகை. ஒரே ஒரு நிபந்தனை: ஆராய்ச்சிக்கான அனுமதிக் கடிதத்தை அனுப்ப வேண்டும். புருஷோத்தமன் வூ பக்கத்தை அனுப்பினார். பத்து நாளில் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ‘மூலையில் உள்ள குறி புரியவில்லை. அனுமதிக் கடிதம் எங்கே?’

வூவுக்கு என்ன பொருள் என்று நாலு வருடமாக யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முத்தியால்பேட்டையில் பொலெத் அம்மாள் இருந்தார். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து பென்ஷன் கடிதம் வந்தால் தெருவே அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டும். புருஷோத்தமன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

பொலெத் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“வூ-ன்னா பாத்தாச்சுன்னு அர்த்தம்.”

“பாத்து?”

“பாத்து ஒண்ணுமில்ல. பாத்தாச்சு. அவ்ளோதான்.”

“சரின்னு அர்த்தமில்லையா மதாம்?”

“சரின்னும் இல்ல, தப்புன்னும் இல்ல. எங்கப்பா காலத்துல சர்க்கார் கச்சேரில எல்லாக் காயிதத்துலயும் இதப் போட்டுத்தான் அனுப்புவாங்க. வாசல்ல போற பெருமாள நாம பாக்கறோம்ல, அந்த மாதிரி.”

புருஷோத்தமனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நாலு வருடம்! சாய்கிற நாற்காலி, கார், சந்தன மாலை, இத்தனையும் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் வெறுமனே பார்த்திருக்கிறார்! அப்போது அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். மிக்காயேலின் அறைக்குப் போய், ‘சார், சஞ்சிகைக்கு ஒரு லெட்டர் வேணும்’ என்று கேட்டிருக்க வேண்டும். அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஸ்கூட்டர் ராஜா தியேட்டர் சிக்னலில் நிற்கும்போது தோன்றியது. பச்சை விழுந்ததும் மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, ‘நலம்விரும்பி’ என்று பெயர் போட்டு இரண்டு பக்கப் புகார் எழுதித் துணைவேந்தருக்கு அனுப்பினார். ஆராய்ச்சி சம்பந்தப்பட்ட புகார் என்பதால் துணைவேந்தர் அலுவலகம் அதை இணக்கத் துறைக்கு அனுப்பியது. மிக்காயேல் இரண்டு கையாலும் வாங்கினார், கடைசிப் பக்கம் வரை புரட்டினார், மூலையில் வூ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வூ விழுந்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்று கோப்பைக் கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது புகார் சொந்தப் பெயரில், ஆறு பக்கத்தில், நேராக வெளிநாட்டு நிதி நிறுவனத்துக்குப் போயிற்று. தன்னுடைய ஆத்திரத்தை அதிகம் காட்டிக்கொள்ளாமல், கடைசியில் பொதுநலனுக்காக ஒரு யோசனையும் சேர்த்திருந்தார்: இணக்கத் தலைவர் எந்த ஆராய்ச்சியிலும் பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது. மிக்காயேல் யாருடைய கட்டுரையிலாவது ஒட்டிக்கொண்டுவிடுவாரோ என்கிற பயம்.

டிசம்பரில் அந்த நிறுவனத்தின் விசாரணைக் குழு வந்தது. தலைவர் பிரான்சுக்காரர், பெயர் யான். கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மேசை மேல் நாலு வருடத்துக் கோப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் வூ.

“இவற்றை நீங்கள் அனுமதித்தீர்களா?” என்று யான் இங்கிலீஷில் கேட்டதைக் கன்னியப்பன் தமிழில் சொன்னார்.

மிக்காயேல் எழுந்து நின்றார். புருஷோத்தமன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“முசே, நான் ஒண்ணக்கூட அனுமதிக்கல. அனுமதிச்சா, நாளைக்குத் தப்பாயிடுச்சுன்னா யாரு பொறுப்பு? நான். ஒண்ணக்கூட மறுக்கவும் இல்ல. மறுத்தா, பாவம், அவங்க மனசு கஷ்டப்படும். பாக்கச் சொல்லித்தான என்னப் போட்டாங்க? பாத்தேன். ஒரு பக்கம்கூட விடாம பாத்தேன். பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். பாக்காத ஒண்ணுக்கு நான் வூ போட்டிருந்தா, சொல்லுங்க, இப்பவே எறங்கிட்றேன்.”

கன்னியப்பன் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். ஒழிந்தான் என்று புருஷோத்தமன் நினைத்தார். யான் எழுந்துபோய் மிக்காயேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அறிக்கை ஜனவரியில் வந்தது. நாலு ஆண்டில் ஒரு தவறான அனுமதிகூடத் தராத அலுவலகத்தை உலகில் வேறெங்கும் கண்டதில்லை என்று குழு வியந்திருந்தது. மிக்காயேல் பாரீசில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு ஆலோசகராக அழைக்கப்பட்டிருந்தார். இனி இங்கே தலைவராக வருபவர் ‘அனுமதி’ அல்லது ‘மறுப்பு’ என்று தெளிவாக எழுத வேண்டும். முடிவுக்கு வரும்வரை ‘வூ’ போட்டு வைக்கலாம். எத்தனை நாள் முடிவுக்கு வராமல் இருக்கலாம் என்று அறிக்கை சொல்லவில்லை. தலைவர் எந்த ஆராய்ச்சியிலும் பெயர் போடக் கூடாது என்கிற அரிய யோசனையைத் தந்த ரீடர் புருஷோத்தமனுக்கு நன்றி. 2003 முதல் நடந்த ஆராய்ச்சி எதற்கும் அனுமதி இல்லாததால் அவை அனைத்தும் செல்லாது.

கடைசி வரியைப் புருஷோத்தமன் நின்றபடி ஒரு முறையும் உட்கார்ந்து ஒரு முறையும் படித்தார். முப்பத்தாறு எலி, விலகிய மூன்று போக முப்பத்துமூன்று. நாலு வருடம். அன்று சாயங்காலம் சஞ்சிகைக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினார்.

வழியனுப்பு விழா முடிந்து, மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, மிக்காயேல் அவரைத் தேடிக்கொண்டு கூண்டறைக்கே வந்தார்.

“உங்க கட்டுரைக்கு அனுமதி லெட்டர் கேட்டிருந்தாங்களாமே? கன்னியப்பன் இப்பதான் சொன்னாரு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா அடிச்சுக் குடுத்திருப்பேனே புருஷோத்தமன். உங்களுக்கு இல்லாத லெட்டரா? அன்னிக்கு மொத நாளு நீங்க பேனா குடுக்கலன்னா நான் கையெழுத்தே போட்டிருக்க முடியாது.”

பேனா விஷயம் அவருக்கும் நினைவிருக்கும் என்று புருஷோத்தமன் எதிர்பார்க்கவில்லை. எலிகளுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மறுவாரம் கன்னியப்பனிடமிருந்து போன் வந்தது.

“சார், வி.சி. ரூமுக்கு...”

இரண்டு நிமிடத்தில் புருஷோத்தமன் அங்கே இருந்தார். வரும் வழியில் கையைக்கூடக் கழுவவில்லை.

“ரூல்ஸ் எல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி,” என்றார் கன்னியப்பன். “அதுவுமில்லாம, உங்க ஆராய்ச்சியும் கேன்சல் ஆயிடுச்சு. இப்ப உங்க கையிலயும் வேலை இல்ல பாருங்க.”

பித்தளையில் பெயர் மாறியது. கார் நெல்லித்தோப்புச் சந்துக்குள் நுழைய முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றது. செல்வாம்பாள் அதுவரை நடந்துபோய் ஏறிப் பார்த்தாள். நாற்காலி அவர் கதவிடுக்கில் பார்த்ததைவிட அதிகமாகவே சாய்ந்தது. முதல் வாரம் சாய்ந்தார். இரண்டாவது வாரம் சாய்ந்தால் முதுகு வலித்தது. அறையில் எலி வாசனை இல்லாதது என்னவோ போலிருந்தது. ஊசி போடுகிற சட்டையைச் செல்வாம்பாள் கரித்துணி ஆக்கியிருந்தாள்.

மார்ச்சில் முதல் கோப்பு வந்தது. கொண்டுவந்தவர் பூர்ணிமா, அதே துறையில் பன்னிரண்டு வருடமாக விரிவுரையாளர், வில்லியனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். புருஷோத்தமன் தலைப்பைப் படித்தார். ஈரல் கெட்ட எலிகளில் கீழாநெல்லிச் சாற்றின் விளைவு. ஆய்வாளர்: பூர்ணிமா. வேறு பெயர் இல்லை. இருக்க முடியாது. அந்த விதியை எழுதியவர் புருஷோத்தமன்.

“உங்க வேலை வீணாப் போவக் கூடாதுன்னுதான் சார் எடுத்தேன்,” என்றார் பூர்ணிமா. “நீங்க கண்டுபிடிச்ச அளவுலயே சாறு குடுத்து மறுபடி ஆரம்பிக்கறேன். புது எலிங்க வந்துடுச்சு. அம்மாவாசை அண்ணன் நேத்தே படிச்சுக் காட்ட ஆரம்பிச்சிட்டாரு. நன்றின்னு ஒரு வரில உங்க பேரப் போட்டுட்றேன் சார்.”

நன்றி, ஒரு வரி. புருஷோத்தமன் பூர்ணிமாவின் கையைப் பார்த்தார். வலது ஆட்காட்டி விரலில், புதிதாக, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“கடிச்சிடுச்சா?”

“ஆமாம் சார். மூணாங் கூண்டுல ஒண்ணு ரொம்பத் துடிப்பு.”

நாற்காலிக்கும் காருக்கும்கூட இவ்வளவு வயிறு எரிந்ததில்லை. அந்தப் பிளாஸ்திரி தன்னுடையது என்று அவருக்குத் தோன்றியது. மூணாங் கூண்டு தன்னுடையது. கட்டுரை வரும், இவள் ரீடர் ஆவாள், பேராசிரியர் ஆவாள், கீழாநெல்லி என்றால் பூர்ணிமா என்பார்கள். பேனாவை எடுத்தார். ‘அனுமதி’ என்று எழுத நாலே எழுத்து. இந்தப் பல்கலைக்கழகத்தில் இதுவரை யாரும் எழுதாத நாலு எழுத்து. எழுதினால் முதல் ஆள் அவர்தான்.

முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். தன் சொந்த அளவுகளைத் தானே படித்தார். எங்கும் ஒரு பிழை இல்லை. மறுக்கவும் வழியில்லை. கடைசிப் பக்கம் வந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து புரட்டினார். பூர்ணிமா எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

புருஷோத்தமன் முதல் பக்கத்து மூலையில், சின்னதாக, இரண்டு எழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார்.

பூர்ணிமா கோப்பை வாங்கிப் பார்த்தார். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன பொருள் என்று இப்போது பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“பாத்துட்டீங்களா சார்?” என்றார் பூர்ணிமா.

“பாத்துட்டேன்மா.”